பட்டியலில் கடைசியாக வந்த குழாய்

வெர்னன் ஹைன்ரிக்கை ஒரு வாய்க் காபி கொடுத்துக்கூட யாரும் வளைத்துவிட முடியாது. லபக் ஊரில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் இதைப் புகழ்ச்சியாகவும் சொல்வார்கள், எரிச்சலாகவும் சொல்வார்கள். ஊரின் கிழக்கு ஓரத்தில், பருத்தி அரவை ஆலைக்கு எதிரே அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே தரையோடு தரையாக இரண்டு பெரிய உருளைகள். காரை ஏற்றி, பின் சக்கரங்களை உருளைமேல் நிறுத்திக் கட்டிவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்தால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேருகிறது என்று பக்கத்துக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். டைனோ என்பார்கள். அந்த மெஷினும் வெர்னனும் ஒரே ரகம். இருப்பதைச் சொல்வார்கள், முகம் பார்க்க மாட்டார்கள்.

அவர் பெயர் எடுத்தது காற்றுக் குழாய்களால். என்ஜின் இழுக்கும் காற்று குளிர்ந்திருந்தால் பலம் கூடும். அதனால் கம்பெனி வைத்து அனுப்பும் கறுப்புப் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, என்ஜின் சூட்டைத் தொடாமல் வெளிக்காற்றை இழுக்கிற குழாய் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பலருக்கும் முதல் சம்பளத்தில் செய்கிற காரியம். விற்கிறவர்கள் பதினைந்து குதிரைத்திறன் கூடும், இருபது கூடும் என்று வாய் கூசாமல் அட்டைப்பெட்டியில் அச்சடித்து வைத்திருப்பார்கள். வெர்னன் ஐந்தாறு கம்பெனிக் குழாய்களை ஒரே மஸ்டாங் காரில் ஒன்று மாற்றி ஒன்று மாட்டி, அளந்து, மஸ்டாங்காரர்களின் இணையப் பக்கத்தில் பட்டியல் போடுவார். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸை எடுப்பார்கள்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று ஓட்டம், மூன்றின் சராசரி. இடையில் இருபது நிமிஷம் என்ஜின் ஆற வேண்டும். பானெட் மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் ரோட்டில் யாரும் பானெட்டைத் திறந்துபோட்டு ஓட்டுவதில்லை. அளந்து முடியும்வரை குழாய் செய்தவர்கள் கையால் ஒரு பிஸ்கட்கூடத் தின்ன மாட்டார். ஒருமுறை அளந்தது அளந்ததுதான். அழுதாலும் சரி, தலைகீழாக நின்றாலும் சரி, இரண்டாம் முறை கிடையாது. இந்தக் கடைசிச் சட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

எலாய் மொன்டோயா அந்தக் கொட்டகைக்கு முதன்முதலில் வந்தது ஏ.சி. குழாய் மாட்ட. தகரப் பட்டறையில் வேலை. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகிற டக்ட்களை வெட்டி, மடித்து, கூரைமேல் ஏற்றிப் பொருத்துவான். அன்று வந்தவன் வேலை முடிந்தும் போகாமல், உருளைமேல் ஓடுகிற காரை ஏணியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அவனுக்கு வெர்னனைவிட எட்டு வயசு குறைவு. பேச்சு அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். மனைவி பிரிந்துபோன பிறகு வாயைத் திறக்கவே மறந்துபோயிருந்த வெர்னனை அவன்தான் மறுபடி பேச வைத்தான். இரண்டு பேருக்கும் ஒரே கத்தோலிக்கக் கோவில் என்று தெரிந்ததும் நெருக்கம் இன்னும் இறுகியது. எலாயின் மகள் மரிசேலா பிறந்தபோது வெர்னன்தான் ஞானத்தகப்பனாக நின்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எலாயின் மனைவி வெர்னனுக்குக் கொமாத்ரே ஆனாள். எங்கள் பக்கத்தில் அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு பிடி மேலே.

மகளுக்குப் பதினான்கு வயதானபோது எலாய்க்கு அந்த யோசனை வந்தது. கடையில் விற்கிற குழாய்கள் எல்லாம் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் செய்தவை என்று அவனுக்குப் பட்டது. இருபது வருஷமாகக் காற்றை வளைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறவன் அவன். தன் வீட்டு கராஜில் அலுமினியத் தகட்டை வளைத்து, முனை மழுங்கிய ஒரு வளைவும், பானெட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பர் விளிம்பு வைத்து ஒட்டி உட்காருகிற பெட்டியுமாக ஒன்றைச் செய்தான். அதைத் திருத்தித் திருத்தி இரண்டு வருஷம் போயிற்று. பிறகு பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, நாற்பது செட் செய்து அடுக்கினான்.

அவன் மனைவி டெல்ஃபீனா பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தாள். மாசச் சம்பளம் நின்றுபோவதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் முட்டுக்கட்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். கொம்பாத்ரே அளந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லட்டும், அதற்கப்புறம் தான் வாயே திறப்பதில்லை என்றாள். அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. வெளியே வெயில் தொண்ணூற்றேழு டிகிரி பாரன்ஹீட். கொட்டகைக்குள்ளும் ஏறக்குறைய அதே சூடு. கம்பெனிப் பெட்டி ஒன்று, கடைக் குழாய்கள் மூன்று, எலாயின் குழாய் ஒன்று, ஆக ஐந்து. எலாயின் குழாயைக் கடைசியில்தான் மாட்டுவேன் என்று வெர்னன் சொல்லிவிட்டார். முதலில் மாட்டினால் காலைக் குளிர்ச்சியில் சலுகை காட்டினதாக யாராவது பேசுவார்கள்.

கம்பெனிப் பெட்டி இருநூற்று அறுபத்திரண்டு காட்டியது. கடைக் குழாய்களில் நல்லது இருநூற்று எழுபது. நான்காவது முடிந்து என்ஜின் ஆறிக்கொண்டிருந்தபோது டெல்ஃபீனா வந்தாள். எல்லோருக்கும் பர்ரிட்டோ சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஐஸ்கட்டிகளை நிரப்பி, சோடா பாட்டில்களைப் புதைத்த பெரிய ஐஸ் பெட்டி ஒன்றையும் இறக்கி, கார் ஏறுகிற சரிவுக்குக் குறுக்கே வைத்துவிட்டாள். வந்திருந்த ஏழெட்டுப் பேர் தின்றார்கள், குடித்தார்கள். வெர்னன் தன் சட்டப்படி எதையும் தொடவில்லை. வழியை மறித்துக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியை மட்டும் சுவரோரமாக இழுத்துத் தள்ளினார். டெல்ஃபீனா தன் புருஷனைக் காரோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு குழாயை மாட்டி, பானெட்டை மூடி, மூன்று ஓட்டம் ஓட்டினார்கள்.

இருநூற்று ஐம்பத்தொன்பது.

கம்பெனிப் பெட்டிக்கும் மூன்று கீழே. பட்டியலில் கடைசி. வந்திருந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போனான். எலாயின் முகத்தில் ஈயாடவில்லை. டெல்ஃபீனா நம்பரைப் பார்க்கவில்லை, வெர்னனின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாப்பமா, கொம்பாத்ரே?" என்றான் எலாய்.

"உனக்கு ஓட்டினா மத்த நாலுக்கும் ஓட்டணும்யா."

"அதுக்கில்ல. போன வாரம் ரோட்டுல நல்லா இழுத்துச்சே."

"ரோட்டுல காது சொல்லும். சத்தம் பெருசா இருந்தா வேகமாப் போற மாதிரிதான் இருக்கும். இங்க மெஷின் சொல்லுது."

எலாய் தலையாட்டினான். வெர்னன் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடவா என்று கேட்டார். அவருடைய சட்டத்தை அவரே வளைக்கத் தயாரான ஒரே இடம் அது. எலாய் வேண்டாம் என்றான். எடுத்துவிட்டால் எனக்காக மறைத்ததாகச் சொல்வார்கள், அது உனக்கு அசிங்கம், போட்டுவிடு என்றான். வெர்னன் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இணையப் பக்கத்தில் மூன்று வாரம் அதே பேச்சு. ஏ.சி. டக்டைக் காரில் மாட்டினால் இப்படித்தான் என்று எவனோ எழுத, நாற்பது பேர் அதற்குச் சிரித்தார்கள். அலுமினியத் தகட்டைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் வளைவு சரியில்லை என்று விளக்கம் எழுதினார்கள். சொந்தக் கொம்பாத்ரே என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்ன மனுஷன் என்று வெர்னனைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர் பெயர் உண்மையில் நாடு முழுக்கப் பரவியது அந்தப் பட்டியலால்தான். அதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

நாற்பது செட்டும் பழைய அலுமினியமாக எடைக்குப் போயின. எலாய் மறுபடி அதே பட்டறைக்குப் போய் நின்றான். விட்டுப்போனவன் திரும்பி வந்தால் கீழிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார்கள். நாற்பத்து மூன்று வயசில், இருபது வயசுக்காரர்களோடு சேர்த்து, வெயில்காலக் கூரைகளுக்கு ஏற்றினார்கள். அவன் முனகவில்லை.

முனகினது டெல்ஃபீனா. முதலில் வீட்டுக்குள் சொன்னாள். பிறகு அக்கா தங்கைகளிடம் சொன்னாள். பிறகு கிறிஸ்துமஸ் விருந்தில், பிறந்தநாள்களில், பின்கட்டில் இறைச்சி சுடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், எலாய் எதைப் பற்றியாவது அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தால் போதும். "இவன் பேச்சைக் கேக்காதீங்க. இவன் செஞ்சதைவிடக் கம்பெனிப் பெட்டியே தேவலைன்னு அவன் கொம்பாத்ரேயே சொல்லிட்டார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். தொடக்கத்தில் எலாயும் சேர்ந்து சிரித்தான். இரண்டு மூன்று வருஷத்தில் அவன் அபிப்பிராயம் சொல்வதையே விட்டுவிட்டான். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, ஆளைக் கூப்பிடு, எனக்கு என்ன தெரியும் என்பானாம்.

கொட்டகைப் பக்கமும் அவன் வருவது நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. கோவிலில் பார்த்தால் கை கொடுப்பான். மரிசேலாவின் கல்யாணத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இறைச்சி நன்றாக வெந்திருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வெர்னனுக்கு மனத்தாங்கல்தான். உண்மையைச் சொன்னதற்கு இந்தத் தண்டனையா என்று பல ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து நினைத்திருக்கிறார். தன் பக்கம் தப்பு இருக்கக்கூடும் என்று அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

ஜனவரியில் எலாய் இறந்துபோனான். காலையில் வேலைக்குக் கிளம்பி, பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே உட்கார்ந்திருந்தான். மாரடைப்பு. ஐம்பத்து நான்கு வயசு.

இரண்டு நாள் கழித்து டெல்ஃபீனா ஒரு செருப்பு அட்டைப்பெட்டியோடு கொட்டகைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஜெபமாலை. சவப்பெட்டியின் பக்கத்தில் திரையில் காட்ட மகள் படங்கள் கேட்டிருக்கிறாள், காரோடு இருக்கிற படங்களில் யார் யார் என்று தனக்குத் தெரியவில்லை, பெயர் எழுதிக் கொடுங்கள் என்றாள். அழுது முடித்த முகம். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெர்னன் ஒவ்வொரு படமாக எடுத்துப் பின்பக்கத்தில் பெயர் எழுதினார். ஏழாவதோ எட்டாவதோ அந்த ஆகஸ்ட் மாதப் படம். எலாய் மஸ்டாங்கின்மேல் கை வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். வெர்னன் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் தொங்க வேண்டிய ஒயர் தொங்கவில்லை. அது கீழே வழிந்து, திறந்து கிடந்த ஐஸ் பெட்டிக்குள் போயிருந்தது.

அந்த ஒயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதன் நுனியில் இருப்பது ஒரு சின்ன வெப்பமானி. வெயில் நாளில் எல்லாக் காரும் கொஞ்சம் சோர்ந்துதான் ஓடும். அதனால் காற்று சூடாக இருந்தால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், குளிர்ந்திருந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் ஒரு நாளில் அளந்ததை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும். காற்று எவ்வளவு சூடு என்பதை அந்த ஒயர்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அன்று எலாயின் என்ஜின் தொண்ணூற்றேழு டிகிரிக் காற்றை இழுத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, ஒயர் ஐஸில் படுத்துக்கொண்டு நல்ல குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை அந்த ஆணிக்குக் கீழே இழுத்துத் தள்ளியது வெர்னனின் கை. இழுக்கும்போது ஒயரைத் தட்டிவிட்டிருக்கிறார்.

பழைய கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அவர் எதையும் அழிக்கிறவர் இல்லை. தேடித் திறந்தார். முதல் நான்கு குழாய்களுக்கும் பெரிய எண்ணுக்குக் கீழே, மூலையில், சின்ன எழுத்தில், தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு. ஐந்தாவதற்கு ஐம்பது. பதினோரு வருஷமாக அந்த ஐம்பது அங்கேயே இருந்திருக்கிறது. பெரிய எண்ணைப் பார்க்கிற கண், சின்ன எண்ணைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டியிருந்தால் முதலில் வெப்பத்தைச் சரிபார்த்திருப்பார். சந்தேகம் என்று வந்தால் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஐம்பதை அழித்துவிட்டுத் தொண்ணூற்றேழு என்று போட்டார். எண் மாறியது. இருநூற்று எழுபத்து மூன்று. ஐந்திலும் அதுதான் முதல்.

அவர் அழவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்து, தப்புக் கணக்காக இருக்குமோ என்று மறுபடி பார்த்தார். மெஷின் அதே எண்ணைத்தான் காட்டியது.

யோக்கியமான மனிதர்களும் முதலில் சுலபமான வழியைத்தான் தேடுகிறார்கள். டெல்ஃபீனாவிடம் சொல்லி இந்த நேரத்தில் அவள் மனசை ஏன் உடைக்க வேண்டும் என்று வெர்னன் நினைத்தார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், நீ அவனைக் குத்திக் காட்டிய ஒவ்வொரு வார்த்தையும் தப்பு என்று சொல்வது கொடுமை இல்லையா? கோழைத்தனத்துக்குக் கருணை என்று பெயர் மாற்ற மனுஷனுக்கு அரை மணி நேரம் போதும். மறுநாள் காலை, இணையப் பக்கத்தில் மட்டும் திருத்தம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். அந்தப் பக்கமே இல்லை. நடத்தியவர்கள் மூடிவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. ஆனால் அவருடைய பட்டியலை யார் யாரோ எடுத்து எங்கெங்கோ ஒட்டி வைத்திருந்தார்கள். தேடின இடத்திலெல்லாம் எலாய் மொன்டோயா கடைசியில் இருந்தான். தப்பான எண் சுகமாக உலாவிக்கொண்டிருந்தது, திருத்துவதற்குத்தான் இடம் இல்லை.

அன்று மத்தியானம் டெல்ஃபீனாவின் வீட்டுக்குப் போனார். அவள் சமையலறையில் எலாயின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் அதைச் சவ அடக்கக்காரர்களிடம் கொடுக்க வேண்டும், அவனுக்கு உடுத்திவிடுவதற்கு. வெர்னன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். படம், ஒயர், ஐஸ், ஐம்பது. அவள் காலரை முடித்து, கைப்பட்டியை முடித்து, பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பெட்டியை யார் நகத்தினது?"

"நான்தான்."

"சரியா அளந்திருந்தா எவ்வளவு?"

"இருநூத்தி எழுபத்து மூணு. அதுதான் முதல் எடம், கொமாத்ரே."

"நீங்க எழுதினது?"

"இருநூத்தி அம்பத்தொம்போது."

அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலில் தினம் நானூறு தட்டுக் கணக்குப் பார்க்கிறவள்.

"பதினாலு. பதினாலுன்னா என்ன? நான் அந்தக் கார்ல உக்காந்து போனா எனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. பட்டியல் பார்த்து வாங்கின ஆயிரம் பேரும் கேட்டதில்லை.

"தெரியாது. எனக்கே தெரியாது. அதுக்காகத்தான் மெஷின் வச்சிருக்கேன்."

"ஓட்டுறவனுக்கே தெரியாத ஒண்ணு."

"ஆமா."

"அதுக்குத்தான் நான் அவனை அத்தனை பேர் முன்னால..." என்றவள் சட்டையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். முதுகு குலுங்கியது. தேற்றுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று வெர்னனுக்குத் தெரிந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வெளியே பக்கத்து வீட்டு நாய் வெகு நேரம் குரைத்தது.

அவள் நிமிர்ந்து, ஈரம் பட்ட இடத்தை மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தாள். குரல் தெளிந்திருந்தது.

"நாளைக்கு ஜெபமாலை முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. நீங்க இதைச் சொல்லுங்க."

"அங்க வர்றவங்களுக்கு இதெல்லாம் புரியாது, கொமாத்ரே. உங்க அக்காங்க, கோவில்காரங்க... டைனோவையும் ஒயரையும் கண்டாங்களா?"

"அவன் கடைசியா வந்தான்னு நான் சொன்னப்போ எல்லாருக்கும் புரிஞ்சுதே."

வெர்னன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் எழுபது பேர் இருந்தார்கள். பட்டறைக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், துவைத்த சட்டையும் கூரை வெயிலில் கன்றிய கழுத்துமாக. எலாய் வெள்ளைச் சட்டையில் கிடந்தான். ஜெபமாலை முடிந்து, மரிசேலா பேசி, எலாயின் தம்பி பேசி, பிறகு வெர்னனின் முறை வந்தது. அவர் வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் நின்று பேசியவர் இல்லை. கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார், அதில் ஐந்து எண்களும் கீழே ஒரு வரியும் இருந்தன. ஐந்து எண்களையும் வாசித்தார். எலாய் மொன்டோயாவின் குழாய் முதலாவதாக வந்தது என்றார். தான் தவறாக அளந்து, கடைசி என்று ஊருக்கெல்லாம் சொன்னதாகச் சொன்னார். தப்பு தன்னுடைய கையால் நடந்தது என்றார். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி அவன் கேட்டான், நான் மாட்டேன் என்று சொன்னேன் என்றார். அத்தோடு காகிதத்தை மடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு எழுதி வைத்திருந்த வரி வாசிக்கப்படாமலே காகிதத்தில் நின்றது.

டெல்ஃபீனாவின் அக்காமார் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

டெல்ஃபீனா முன்வரிசையிலிருந்து எழுந்தாள். வெர்னன் பக்கம் திரும்பவில்லை. சவப்பெட்டிக்குப் போய், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவனை எழுப்புகிறவள்போல் அவன் காதுக்குக் குனிந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"கேட்டியா, எலாய்? நீதான் முதல்ல வந்திருக்கே."

குனிந்தவள் நிமிரவில்லை. பாதிரியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் மரிசேலா வந்து அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியிருந்தது.